கை பொறுக்கும் சூடு

நீடாமங்கலத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மூன்று டப்பா:
கோழிக் குருமா, புதினாத் துவையல், குடிநீர்.
நூற்றுப் பத்துப் பேர் சாப்பிட்டதில்
முப்பத்தேழு பேர் மன்னார்குடி ஆஸ்பத்திரியில்,
மாப்பிள்ளை உட்பட.

சமையல்காரர் பெயர் உத்திராபதி.
வாக்குமூலத்தில் கையெழுத்துக்கு மேலே
ஒரே வரி:
"சுட வச்சுத்தான் போட்டேன்."

விசாரித்தோம்.
ராத்திரி மிஞ்சியது அண்டாவோடு கிடந்திருக்கிறது.
விடிகாலை அடுப்பேற்றினால்
சிலிண்டர் தீரும் தறுவாய்.
மாற்று சிலிண்டர் ஏற்றிய வண்டி
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.
கூட்ஸ் முன்னே போகிறது, பின்னே வருகிறது,
எஞ்சினைக் கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள்.
இருக்கிற தீயைச் சிறிதாக்கிக் காத்திருந்தார்.
அண்டாவின் ஓரம் ஆவி விட்டது.
நடுவில்?
"கை பொறுக்கும் சூடும்மா."
முக்கால் மணி நேரம்.
கேட் திறந்து, வண்டி வந்து, தீயைக் கூட்டினால்
பந்தி உட்கார்ந்துவிட்டது.
கொதிக்கும் முன்னே இறக்கிவிட்டார்.

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வகம்.
நாலாம் நாள்,
குருமாவிலிருந்து பிரித்த சால்மோனெல்லாவை
செங்கமலம் இரண்டு குழாயில் எடுத்தாள்.
ஒன்றை நேரே அறுபது டிகிரியில் இறக்கினோம்.
மற்றதை
நாற்பத்தெட்டில் அரைமணி உட்கார வைத்து
அப்புறம் அறுபதில்.

நாற்பத்தெட்டு அவற்றைக் கொல்லாது.
உள்ளே புரதங்களின் மடிப்பு கலையத் தொடங்கும்.
அந்த நேரம்
வளர்கிற வேலையைப் போட்டுவிட்டு
செல் வேறு புரதங்களைச் செய்யும்,
கலைந்ததைத் தாங்கிப் பிடிக்க,
ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் காக்க.
நெல் கொள்முதல் நிலைய வாசலில்
தூறலுக்கே தார்ப்பாய் தேடி ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
அடைமழை வரும்போது மூட்டை மூடியிருக்கும்.
தூறாமலே கொட்டினால்
அத்தனையும் முளைத்துப்போகும்.

மறுநாள் தட்டுகளைத் திறந்தோம்.
நேரே போனதில் ஒன்றுமில்லை.
உட்கார்ந்து போனதில்
சிவப்பும் நடுவே கறுப்புமாகக்
குன்றிமணி இறைத்தது போல.
செங்கமலம் எண்ணினாள்: அறுபத்துமூன்று.
நான் எண்ணினேன்: அறுபத்துநாலு.
விளிம்பில் இருந்ததை அவள் சேர்க்கவில்லை.

சாயங்காலம் ஏதோ கல்லூரி விழாவில் பேச வேண்டிய இயக்குநர்
தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"பட்டால்தான் பலம்னு சொல்லலாம், இல்லே?"
சார், குழாய்க்குப் பத்துக் கோடி போட்டோம்,
மிச்சம் இவ்வளவுதான் என்றேன்.
இந்தப் பலமும் ஆறவிட்டால் சில மணி நேரத்தில் போய்விடும்,
பிள்ளைகள் வெறுங்கையோடு பிறக்கும் என்றேன்.
அவர் முதல் வரியை மட்டும் குறித்துக்கொண்டார்.

அறிக்கையில் ஏழாவது கட்டம்:
உணவு பரிமாறுமுன் சூடாக்கப்பட்டதா?
ஆம். இல்லை.
ஆம் என்றால் குருமா குற்றமற்றது.
இல்லை என்றால் உத்திராபதி பொய்யர்.
ஆம் என்று டிக் அடித்து
ஓரத்தில் பொடியெழுத்தில் சேர்த்தேன்:
மெதுவாக, நடுவில் நின்று, முழுக்க அல்ல.
கேட் பற்றி எழுத
எந்தக் கட்டமும் இல்லை.

எப்படியோ நம்பர் வாங்கி அவரே கூப்பிட்டார்.
"சுட வச்சது தப்பாம்மா?"
ராத்திரி வெளியே விட்டது முதல் தப்பு,
அப்புறம் கொதிக்க விடாதது என்றேன்.
நடுவிலே அந்த முக்கால் மணி நேரம்
அவற்றுக்கு எதிர்பார்க்க நேரம் கொடுத்துவிட்டது என்றேன்.
எனக்கே அது சரியான சொல்லாகப் படவில்லை.
எதிர்பார்ப்பது என்பதெல்லாம் அவற்றுக்கு இல்லை.

அவர் பதில் சொல்லவில்லை.
பின்னால் மணி அடித்தது,
விடாமல்.
யாரோ வண்டியை அணைத்தார்கள்.
"கேட் போட்டுட்டான்" என்றார்.
நான் ஏன் வைக்கவில்லை என்று தெரியாது,
அவரும் வைக்கவில்லை,
ரயில் வரும்வரை.